கூட வந்தவர்

தேர்வை ஒழித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று மேட்டுக்காடையூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு பட்டாசு வெடித்தது. மறுவருஷம் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள், தேர்வையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியை செங்கமலத்திடம் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவையும் ஒரு விழா வைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கணக்கில் வராது.

காரணம், ஒவ்வொரு வகுப்பறைக் கூரையிலும் விழா மேடையிலும் கவிழ்த்துப் போட்ட இட்லித் தட்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த ஆள்மானி.

ஆள்மானியின் தந்தை, ஆளாவதைப் பற்றி 'நபரியல்' என்று ஒரு துறையே கண்ட அறிஞர், முனைவர் மெய்யறிவன். பெற்றோர் வைத்த பெயர் வேறு; அது போதாது என்று அவர் கல்லூரியில் படிக்கும்போதே கழற்றி வைத்துவிட்டார். "எந்தக் குழந்தையும் ஆளாகப் பிறப்பதில்லை. ஊரோடு கலந்து, ஊர்க் காரியங்களில் பங்கேற்று, மெல்ல மெல்ல ஆளாகிறது. ஆகவே கல்வியின் பணி மதிப்பெண் வழங்குவதன்று, ஆளாக்குவது" என்று அவர் எழுதினார். நல்ல வாக்கியம்தான். ஆயுசில் பாதியைக் கணக்கு டீச்சராகக் கழித்த செங்கமலத்துக்கே அது பிடித்திருந்தது. வாக்கியத்தில் கோளாறு இல்லை. அதற்கு மீட்டர் மாட்டியபோதுதான் கோளாறு வந்தது.

ஆள்மானி பார்க்கும், கேட்கும், ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு பங்கேற்கிறது என்று எண் போடும். பத்தாம் வகுப்பில் எண் கோட்டைத் தாண்டினால் ஆள்நிலைச் சான்று. தாண்டாவிட்டால் மேல்படிப்பு கிடையாது, கையெழுத்து செல்லாது, வாழ்நாள் முழுக்க வேறு யாராவது காப்பாளராக இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தின் மொழியில் அதற்குப் பெயர் 'ஆள்நிலை எய்தாதோர்'. ஊர் மொழியில் அவ்வளவு மரியாதை கிடையாது.

மெஷின் எதற்கு எண் போடுகிறது என்பதைப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். விழா நடந்தால் ஏறியது. மைக்கில் பெயர் வந்தால் இன்னும் ஏறியது. பொன்னாடை போர்த்தினால் எகிறியது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பாடம் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. குடிநீர்த் தொட்டி கழுவும் விழா, கழுவியவர்களுக்குப் பாராட்டு விழா, பாராட்டியவர்களுக்கு நன்றி விழா என்று நாள் போதவில்லை. கடைவீதியில் 'ஆளாக்கம் அகாடமி' என்று டியூஷன் சென்டர் முளைத்தது. வரவேற்புரைக்குத் தனி பேட்ச், நன்றியுரைக்குத் தனி பேட்ச். வாசலில் நட்டிருந்த ஃப்ளெக்ஸில், கோட்டைத் தாண்டிய பிள்ளைகள் செல்போனைக் காதில் வைத்தபடி எங்கோ தொலைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் உண்மையாகவே மகிழ்ந்தவர் ஒருவர்தான். தமிழாசிரியர் குழந்தைவேலு. வரவேற்புரை ஆற்றுவதற்கென்றே பிறந்து, வாய்ப்பில்லாமல் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த மனிதர்.

"பொற்காலம் மேடம்" என்பார்.

"ஏழாவது படிக்கறவனுக்கு இன்னும் வகுத்தல் வரலீங் ஐயா" என்பாள் செங்கமலம்.

"'வகுத்தலும் வாழ்க்கையும்'னு ஒரு கருத்தரங்கம் வெச்சுடலாமுங்களா?"

*

சௌடேஸ்வரியின் எண்தான் பள்ளியிலேயே கடைசி.

இதை முதலில் பார்த்தபோது மெஷின் பழுது என்று செங்கமலம் நினைத்தாள். பத்தாம் வகுப்புச் சௌடேஸ்வரி இல்லாவிட்டால் பள்ளியில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். எந்தப் பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றாலும் மூன்றாம் நாள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டாள். "வர்லீங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். தறிக்குப் போகச் சொன்ன அப்பன், கல்யாணம் பேசிய மாமன், யாராக இருந்தாலும் ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டே இருந்தால் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? "கூட்டிட்டுப் போ, தாயே" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஆள்மானியைச் சோதிக்க வந்த பொறியாளர் பெனாசிரிடம் செங்கமலம் இதைக் கேட்டாள். வாணியம்பாடிப் பெண். டீ வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். உண்மையைச் சொன்னா வெளியில போகாதுல்ல?"

"நான் கவர்மெண்ட் ஸ்கூல் ஹெச்செம். நான் சொல்லி எது வெளியில போயிருக்குது?"

பெனாசிர் சிரித்தாள். "இந்த மெஷினுக்கு, ஊருன்னா என்ன, பங்கேற்கறதுன்னா என்னன்னு பழக்கிக் குடுக்கணும். அதுக்கு ஜனங்க ஒண்ணாச் சேர்ந்து ஏதாச்சும் பண்ற வீடியோ லட்சக்கணக்குல வேணும். நாத்து நடறதையும், சாவு வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோறதையும் யாரு மேடம் வீடியோ எடுத்து வெச்சிருக்கா? தேடினா கிடைச்சதெல்லாம் விழா வீடியோ. திறப்பு விழா, பாராட்டு விழா, மணிவிழா."

"அதையே அள்ளிக் கொட்டீட்டீங்களாக்கும்."

"அதையேதான். மெஷின் தானாப் பாத்துக் கத்துக்கிச்சு. ஆளுன்னா யாரு? மைக்ல யார் பேரு வருதோ அவங்க. யார் தோள்ல துணி விழுதோ அவங்க."

"குறுக்கயும் நெடுக்கயும் ஓடீட்டு இருப்பாங்களே, தண்ணி குடுக்கறவங்க, பாய் விரிக்கறவங்க?"

"அவங்களை 'இடைஞ்சல்'னு துடைச்சுடும். படம் தெளிவா இருக்கணுமில்ல? உங்க பொண்ணு நாளெல்லாம் ஓடிட்டே இருக்கா. மெஷின் அவளை நாளெல்லாம் துடைச்சுட்டே இருக்கு."

செங்கமலம் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க மெய்யறிவன் ஐயாவுக்கு இது தெரியுமா?"

"சொன்னோம். 'இயந்திரம் ஊரின் மனசாட்சியைக் கற்றிருக்கிறது'ன்னு கட்டுரை எழுதிட்டாரு."

"சும்மா ஒரு கணக்குக்குக் கேக்கறேன் அம்மிணி. மேடை நடுவுல ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவர் பேரை யாருமே சொல்லலைன்னா?"

"எப்படிச் சொல்லாம இருப்பாங்க? எங்க வீடியோவுல அப்படி ஒண்ணுகூட இல்ல மேடம். நடந்தா, நாற்காலியோட சேத்துக் கணக்குப் போட்டுடும்."

*

மெஷினைத் திருத்த முடியாவிட்டால் மெஷினுக்குத் தீனி போட்டுவிடலாம் என்று செங்கமலம் முடிவு செய்தாள். சௌடேஸ்வரிக்கு ஒரு பாராட்டு விழா. குழந்தைவேலு ஒரு மூச்சில் வாழ்த்துரை எழுதிவிட்டார். அதில் சௌடேஸ்வரி வீரமங்கையாகவும் விடிவெள்ளியாகவும் இருந்தாள். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கூட்டி வருபவள் என்ற விவரம் மட்டும் எப்படியோ இடம் பிடிக்கவில்லை.

ஒத்திகைக்குக் கூப்பிட்டால் அவள் கதவோரமே நின்றாள்.

"எனக்கு வேண்டாமுங் மேடம்."

"ஏன் கண்ணு? சித்த நேரம் மேடையில நிக்கோணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீ பாலிடெக்னிக் போலாம், என்ன வேணாப் பண்ணலாம்."

"நான் போய்க் கூப்பிட்டா புள்ளைங்க எதுக்கு வருதுங்க? நான் சும்மா வந்து நிக்கறேன்னுதானுங். நாளைக்குப் பொன்னாடை போட்டுட்டீங்கன்னா, 'இவ எண்ணு ஏத்தறதுக்கு நம்ம வூட்டு வாசலுக்கு வர்றா'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் யார் வருவாங்க?"

செங்கமலம் வேறு பக்கம் போய்ப் பார்த்தாள். "உங்கம்மா வெசனப்படுவாங்க இல்ல?"

"பொன்னாடை நெய்யறதே எங்கம்மாதானுங். அவங்களைப் பாத்து உங்க மிசின் என்னங் சொல்லும்?"

தறிச் சத்தத்தில் பேரே கேட்காது, மைக்குக்கு எங்கே போவது என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள்.

"சரி, போ" என்றாள். "எங்க போற?"

"பிருந்தா வூட்டுக்குங். எண்ணு கம்மியா வந்திருச்சுன்னு அவங்கப்பா தறிக்குப் போகச் சொல்லீட்டாரு. எப்படியும் ஆளாகப் போறதில்லை, அப்புறம் எதுக்கு இஸ்கூலுன்னு கேக்கறாரு. ரெண்டு தடவை போயிட்டேன். அசைய மாட்டேங்கறாரு."

*

அந்த வாரமே மெய்யறிவன் வந்தார். ஆள்நிலை எய்தாதோர் பட்டியலில் கையெழுத்திடவும், இடும் முன் ஓர் உரை ஆற்றவும். பட்டியல் சின்னது. முதல் பெயர் சௌடேஸ்வரி, அடுத்தது பிருந்தா, பிறகு இன்னும் சிலர். அவர் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்பீல் கிடையாது. அரசு விதி அப்படி. விதியை எழுதியவரும் அவரே.

செங்கமலம் தன் அறையில் அவருக்கு இளநீர் கொடுத்துவிட்டு, சௌடேஸ்வரியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணை மூடிக் கேட்பவர்கள் கேட்பதில்லை என்பது ஆசிரியத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா, உங்கள் பரிவைப் போற்றுகிறேன். ஆனால் பரிவு வேறு, தத்துவம் வேறு. அந்தச் சிறுமி நல்லவளாக இருக்கலாம். நல்லவராக இருப்பது தனிநபர் விவகாரம். ஆளாக இருப்பதோ, சமூகம் அவளை அங்கீகரிக்கும் நிகழ்வு. அங்கீகாரம் எங்கே நிகழ்கிறது? பொதுவெளியில்."

"வூட்டு வாசல் பொதுவெளி இல்லீங்களா ஐயா?"

"வாசலில் ஆள்மானி இல்லையே அம்மா" என்று அவர் மிகவும் கனிவாகச் சொன்னார். பிறகு எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரு வேண்டுகோள். இன்றைய விழாவில் என் பெயர், பட்டம், பொன்னாடை, மாலை, எதுவும் வேண்டாம். நான் எளியவன். கூட்டத்தில் ஒருவனாக இருந்துவிட்டுப் போகிறேன்."

தமிழ்நாட்டு மேடைகளில் இதன் முறை எல்லாருக்கும் தெரியும். வந்தவர் வேண்டாம் என்பார். நடத்துபவர் பதறுவார். வந்தவர் இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றபடியே கழுத்தைக் கொஞ்சம் குனிவார். அந்தக் குனிவில் துணி விழும்.

செங்கமலம் பதறவில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரி போடும் நாளன்று, போடும் இடத்தில் ஆள்நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 'மேலிருந்து தொடங்குவோம்' என்று தொலைக்காட்சியில் அறிவித்து இவர் கைத்தட்டல் வாங்கிய விதி. அது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெனாசிர் சொன்ன நாற்காலியும் ஞாபகம் வந்தது. இரண்டையும் கூட்டினால் என்ன விடை வரும் என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் போகுமா? தன் வேலை போகலாம் என்பதும் அந்த விடையில் ஓரமாக இருந்தது.

"சரிங் ஐயா" என்றாள்.

மெய்யறிவன் ஒரு கணம் காத்திருந்து பார்த்தார். வேறொன்றும் வரவில்லை.

குழந்தைவேலு கேட்டதும் ஆடிப்போனார். "பேரை விடறதா? மேடம், என்னோட சர்வீஸ்ல இறந்துபோனவங்க பேரைக்கூட விட்டதில்லை! பெரிய மனுசங்க வேண்டாம்னா, இன்னும் ரெண்டு அடைமொழி சேத்துப் போடுன்னு அர்த்தமுங்!"

"எனக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாதுங் ஐயா. வேண்டாம்னாரு. வேண்டாம்."

"பொன்னாடை?"

"வாங்கினது வாங்கினதுதான். ஆயாம்மாவுக்குப் போட்டுருங்க."

*

விழா சிறப்பாக நடந்தது. குழந்தைவேலு மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பெயர் சொல்லக் கிடைத்த எல்லாருடைய பெயரையும் சொன்னார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், வார்டு உறுப்பினர், ஒலிபெருக்கி நிலையத்தார், பந்தலுக்குக் கயிறு கொடுத்த மளிகைக்கடைக்காரர். மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் பெயர் பெயராக எண்கள் ஏறின. சத்துணவு ஆயா பொன்னாடையோடு அழுதுவிட்டார். மேடை நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் மெய்யறிவன் புன்னகையை விடாமல் அமர்ந்திருந்தார்.

"அடுத்து, உரை" என்றார் குழந்தைவேலு, பல்லைக் கடித்துக்கொண்டு.

மெய்யறிவன் எழுந்தார். பெயரில்லாத குரல் யாருடையது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அது படித்த வீடியோக்களில், பெயர் அறிவிக்காமல் மைக்கில் கேட்கும் குரல் ஒன்றுதான். ஆகவே அவர் "தனிமரம் தோப்பாகும் தருணமே கல்வி" என்று தொடங்கிய உடனே, அவருக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்துகளில் வந்தது:

மைக் சோதனை நடைபெறுகிறது.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்தில் எழுந்த சலசலப்பைத் தன் கருத்துக்குக் கிடைத்த வரவேற்பாக எடுத்துக்கொண்டு மெய்யறிவன் நெடுநேரம் பேசினார். கடைசிவரை திரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

விழா முடிந்து செங்கமலத்தின் அறையில் உட்கார்ந்தார். பெனாசிர் கையெழுத்துப் பலகையை நீட்டினாள். விரலை வைத்தார். பலகை இனிமையான பெண்குரலில் சொன்னது: "மன்னிக்கவும். கையெழுத்திட ஆள் தேவை."

"தொடச்சுட்டு வைங்க சார், வேர்வையா இருக்கும்" என்றாள் பெனாசிர். துடைத்துவிட்டு வைத்தார்.

"மன்னிக்கவும். நாற்காலி கையெழுத்திட இயலாது."

அடுத்த சில நிமிஷங்களை விவரிப்பது அவருக்கு நியாயமாகாது. சென்னைக்குப் போன் போட்டார். அங்கே எடுத்தவர், "ஐயா, திரையில உங்க பேருக்கு நேரா ஒண்ணுமே காட்டலீங்களே. பேசறது யாருன்னு நான் எப்படி நம்பறது?" என்று பணிவாகக் கேட்டார்.

"விதியைத் தளர்த்துங்கள்!"

"தளர்த்தறதுக்கு உங்க கையெழுத்து வேணுமுங்களே."

போனை வைத்துவிட்டுச் செங்கமலத்தைப் பார்த்தார். "நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள்."

"ஆமாங் ஐயா" என்றாள் செங்கமலம். "நீங்க கேட்டுக்கிட்டதைத்தான் செஞ்சேன். ஆனா தெரிஞ்சேதான் செஞ்சேன். மெமோ குடுக்கறதுன்னா குடுங்க. அதுக்கும் கையெழுத்து வேணும்."

பெனாசிர் தொண்டையைக் கனைத்தாள். "சார், விதியில ஒரு வழி இருக்கு. நீங்களே எழுதினது. 'ஒருவரின் ஆள்நிலை ஐயத்துக்குள்ளானால், அவ்வூரின் கடைக்கோடிப் பிள்ளை அவருடைய பங்கேற்புக்குச் சாட்சி சொன்னால் போதும்.' முன்னுரையில அழகுக்காக வெச்சிருந்தீங்க. மெஷினுக்கு அழகு, சட்டம்னு வித்தியாசம் தெரியாது. எல்லாத்தையும் சேத்துப் படிச்சிடுச்சு."

"கடைக்கோடிப் பிள்ளை என்றால்?"

"எண் கடைசியா இருக்கறவங்க சார்."

செங்கமலம் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "யாராவது சௌடேஸ்வரியைக் கூட்டிட்டு வாங்கப்பா!"

*

சௌடேஸ்வரி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். மெய்யறிவன் தன் குரலிலேயே மிக மென்மையானதைத் தேடி எடுத்தார்.

"மகளே, நான் இங்கே இன்று பங்கேற்றேன் என்று அந்தக் கருவியைப் பார்த்துச் சொன்னால் போதும்."

"என்னங் பண்ணுனீங்க?"

"உரையாற்றினேன்."

"நான் அப்ப இங்க இல்லீங். பிருந்தா வூட்டுக்குப் போயிருந்தேன்."

"அதனாலென்ன? எல்லாரும் கேட்டார்களே. சும்மா சொல்லம்மா."

"பாக்காததைச் சொன்னாப் பொய்யில்லீங்களா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. வராத பிள்ளையின் அப்பனிடம் பேசும் அதே குரல். "நான் இன்னொருக்கா அங்கதான் போறேனுங். நீங்களும் வர்றதுன்னா வாங்க. வந்தீங்கன்னா, வந்தீங்கன்னு சொல்றேன்."

"கார் இருக்கிறதே" என்றார் அவர்.

"அந்தச் சந்துக்குள்ள கார் வராதுங்."

செங்கமலமும் கூடவே கிளம்பினாள். பார்க்காமல் விட்டால் சாகும்வரை வருத்தப்பட வேண்டியிருக்கும்.

வெயில் நன்றாகவே இருந்தது. சாக்கடை ஓரமாக, குறுக்கே காயப்போட்டிருந்த பாவு நூலுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும், மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நபரியல் அறிஞர் நடந்தார். யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், "ஏனுங், ரேசன் கடைக்கு அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

பிருந்தாவின் அப்பா தறியை நிறுத்தவில்லை. டடக் டடக் என்ற அந்தச் சத்தத்துக்குள் மெய்யறிவன் வாயைத் திறந்தார். "தோழரே, கல்வி என்பது..." வாய் அசைவது தெரிந்தது. மற்றது தறிக்குள் போயிற்று. இரண்டு வாக்கியம் முயன்றுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். செங்கமலம் அறிந்த அளவில், அவர் கேட்பார் இல்லை என்று தெரிந்து பேச்சை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

சௌடேஸ்வரி வழக்கம்போல வாசலில் நின்றாள். அவர் பக்கத்தில் நின்றார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார். தூசு பறந்து தும்மினார். நிழல் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து பிருந்தா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். முழங்கைவரை பஞ்சுத் தூசு. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயருக்குக் கை இருக்கும் என்பதை யோசித்ததில்லை போலிருந்தது.

தறி நின்றது.

"யாருங் இந்தப் பெரியவரு?" என்றார் பிருந்தாவின் அப்பா. "அப்போதிருந்து நிக்கறாரு?"

பெனாசிர் இல்லாத, மைக் இல்லாத, திரை இல்லாத அந்தச் சந்தில் மெய்யறிவன் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சௌடேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"கூட வந்தவருங்."

"ஓ" என்றார் பிருந்தாவின் அப்பா. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வயசான காலத்துல வெயில்ல எதுக்கு... ஏம்மா, அந்த ஆளை நிக்க வெச்சுட்டே இருக்காதே. பிருந்தாவை நாளைக்கு அனுப்பறேன், போ."

*

பள்ளிக்குத் திரும்பியதும் சௌடேஸ்வரி ஆள்மானியை அண்ணாந்து பார்த்து ஒரே வரி சொன்னாள். "பிருந்தா வூட்டுக்கு இவர் கூட வந்தாருங்." பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. மெய்யறிவன் ஆளானார்.

நன்றி சொன்னார். நிஜமாகவே சொன்னார். பிறகு பட்டியலைத் திறந்து கையெழுத்துப் போடப் போனார். உடனே திருந்திவிடுகிற மனிதர்கள் கதைகளில்தான் வருவார்கள். இவருக்கு ஐந்தரைக்கு ரயில்.

பலகை மறுபடி பேசியது. "கவனிக்கவும். இப்பட்டியலின்படி சாட்சி சௌடேஸ்வரி ஆள்நிலை எய்தாதவர் ஆகிறார். ஆள்நிலை எய்தாதவர் சாட்சி செல்லாது. தங்கள் ஆள்நிலை ரத்தாகும். ஆள் அல்லாதவர் இட்ட கையெழுத்தும் ரத்தாகும். தொடரவா?"

செங்கமலம் இதை மனசுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். நிறைய வருஷத்துக்குப் பிறகு ஒரு கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிவதைப் பார்க்கிறாள்.

"அவள் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார் மெய்யறிவன்.

"ஒரு பேரை எடுக்க முடியாது சார்" என்றாள் பெனாசிர். "மொத்தமா ஏத்துக்கலாம், இல்லேன்னா மொத்தமாத் திருப்பி அனுப்பலாம். இடையில கை வெச்சா சிபாரிசு வந்துடும்னு நீங்கதான்..."

"தெரியும். நான்தான் எழுதினேன்."

அவர் சௌடேஸ்வரியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யார் வீட்டுக்கோ போக வேண்டும்போல. அவள் போட்ட பிச்சையில் தான் ஆளாக உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்ததா, ரயிலுக்கு நேரமானது உறைத்ததா என்று செங்கமலத்தால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அவர் 'திருப்பி அனுப்புக' என்ற இடத்தில் விரலை வைத்தார். விதிப்படி, திரும்பிய பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் தேறியவர்கள்.

வாசலில் காரில் ஏறும்போது மட்டும் அவர் நின்று, செங்கமலத்திடம் கேட்டார். "அந்தப் பெண் குழந்தை, தண்ணீர் கொடுத்தது... நாளைக்கு வந்துவிடும் அல்லவா?"

"வந்திருங் ஐயா."

அவர் தலையசைத்துவிட்டு ஏறினார்.

மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினைக்கத் தொடங்கியிருந்தாள் செங்கமலம். மாதக் கடைசியில் சுற்றறிக்கை வந்து அதைச் சரிசெய்தது. 'கூடவருதல்: ஆள்நிலைக் கல்வியில் ஒரு புதிய திருப்பம்' என்ற தலைப்பில் முனைவர் மெய்யறிவன் கண்டறிந்த கோட்பாட்டின்படி, எல்லாப் பள்ளிகளும் வாரந்தோறும் கூடவருதல் விழா நடத்த வேண்டும். கூட வந்தவர்களின் பெயர்கள் மேடையில் அறிவிக்கப்பட்டு, பொன்னாடை போர்த்தப்பட வேண்டும். கோட்பாட்டைக் கண்டறிய உதவியவர்கள் பட்டியலில் சௌடேஸ்வரியின் பெயர் விடுபட்டிருந்தது.

குழந்தைவேலு சுற்றறிக்கையை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். கண்கள் பளபளத்தன. "மேடம், வரவேற்புரையில இதுக்கு ஒரு உவமை வெச்சிருக்கறேன்..."

"வையுங்க ஐயா" என்றாள் செங்கமலம். "ஆனா இப்ப ரெண்டாவது பீரியட். நான் கிளாசுக்குப் போகோணும்."

பத்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் பிருந்தா உட்கார்ந்திருந்தாள். அப்பா அனுப்பிய நாளிலிருந்து அவள் ஒரு நாளும் விடாமல் வந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றி யாரும் விழா எடுக்கவில்லை. செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு, கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டாள்.